மீசைக்கு வைத்த பந்தயம்

மழை வந்துவிட்டது என்பதை எங்களுக்கு முதலில் சொன்னவர் வர்ணனையாளர் அல்ல, அந்தத் துடுப்பாட்டக்காரர்தான். கையுறை போட்ட கையை விரித்துப் பிடித்து வானத்தைப் பார்த்தார். பிறகு நடுவரைப் பார்த்தார். சி.சி. ஐயாவின் மேசையில், முத்திரைப் பெட்டியில் சாய்த்து வைத்திருந்த கைத்தொலைபேசியின் திரையில் அந்தக் கை ஒரு நெல்மணி அளவுதான் தெரிந்தது. அதற்குள் மைதான ஊழியர்கள் பெரிய தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒருமுறை மட்டும் ஆடுகளத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் படியேறிப் போனார். அரைச்சதத்துக்கு ஒன்றிரண்டு நல்ல அடி போதும் என்ற நிலை. கொழும்பில் அப்படிக் கொட்டிய நேரத்தில் செங்கலடியில் தார் உருகும் வெயில். ஸ்டோர்ஸ் அண்ணன் யன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார், எங்கள் முற்றத்துக்கும் அந்த மைதானத்துக்கும் ஒரே வானம் என்பது போல. வழக்கமாக மீசையைத் தடவிக்கொண்டிருக்கும் அவருடைய விரல்கள் அன்று அதை இறுக்கிப் பிடித்திருந்தன.

ஸ்டோர்ஸ் அண்ணன் எங்கள் கந்தோரின் களஞ்சியப் பொறுப்பாளர். கமக்காரருக்கு விதைநெல்லும் உரமும் கொடுக்கும் சின்ன அரச அலுவலகம் அது. முன்னால் இரண்டு அறை, பின்னால் தகரக் கூரை போட்ட களஞ்சியம், பக்கத்தில் ஒரு வேப்பமரம். நான் அங்கே எழுதுவினைஞராகச் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே பழைய ஆள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், கலியாணம் ஆகவில்லை, வந்தாறுமூலைப் பக்கம் தமக்கையின் வீட்டில் இருந்தார். உயரமானவர், அந்த உயரத்துக்கு ஏற்ற அடர்ந்த மீசை. மேலுதட்டை முழுவதுமாக மூடிக் கீழுதட்டையும் தொடப் பார்க்கும் மீசை அது. தேநீர் குடித்தால் உடனே பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மீசையை ஒற்றுவார். பேச்சில் சற்று மூக்கின் சாயல் இருந்தது. தடிமன் பிடித்தவர் பேசுவது போல இருக்கும். களஞ்சியத் தூசியால் வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதிகம் பேசமாட்டார். ஆனால் வெயிலில் நிற்கும் கமக்காரரை உள்ளே கூப்பிட்டுச் சாக்கின் மேல் உட்கார வைப்பார்.

சி.சி. ஐயா என்பவர் பிரதம இலிகிதர், அதாவது சீஃப் கிளார்க். எனக்குப் பிறகு இடமாற்றத்தில் வந்தவர். அவர் வந்த முதல் நாளே ஸ்டோர்ஸ் அண்ணனைக் கண்டு, "டேய், நீ இஞ்சயாடா இரிக்காய்!" என்று கட்டிப்பிடித்தார். இருவரும் சின்ன வயதில் ஒரே பள்ளியில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களாம். அன்றிலிருந்து அவர் இவரை "டா" என்று அழைக்க, இவர் அவரை "சேர்" என்றே அழைத்தார். பதவி அப்படி.

சி.சி. ஐயாவைக் கெட்டவர் என்று சொன்னால் எங்கள் கந்தோரில் ஒருவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். நான் பிள்ளைப்பேற்று விடுமுறை கேட்டபோது மேலிடத்தோடு சண்டை பிடித்து வாங்கித் தந்தவர் அவர். எங்கள் சாரதி ஏறாவூர்க்காரர். நாங்கள் நானா என்போம். நானாவின் மனைவி வைத்தியசாலையில் கிடந்தபோது இரண்டு வேளையும் சாப்பாடு கொண்டுபோனவரும் அவர்தான். வாவி நண்டு மலிவாகக் கிடைத்தால் எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொண்டுவருவார். அவர் வந்த பிறகுதான் எங்கள் கந்தோரில் சிரிப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது. பந்தயங்களும் அவரோடுதான் வந்தன. காசு வைக்கமாட்டார். "காசு வச்சா அது சூது. நம்மட பந்தயம் பகிடிக்கி," என்பார். தோற்றவர் ஒரு தயிர்ச்சட்டி வாங்க வேண்டும், அல்லது சி.சி. ஐயா சொல்வதைச் செய்ய வேண்டும். ஒருமுறை நானா தோற்று, நாள் முழுக்க வெற்றிலை போடாமல் இருந்தார். பின்னேரம் அவருடைய கை நடுங்கியதைப் பார்த்து எல்லோரும் வயிறு நோகச் சிரித்தோம். இன்னொரு முறை தட்டெழுத்துப் பிள்ளை கமக்காரர் வரிசைக்கு முன்னால் நின்று பாட்டுப் பாடினாள். பாடி முடித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. தோற்பவருக்கு எது கூச்சமோ அதைக் கண்டுபிடிக்கும் ஒரு கண் சி.சி. ஐயாவுக்கு இருந்தது.

அந்த வருடம் நாடு முழுவதும் ஒரு துடுப்பாட்டக்காரரைப் போட்டுக் கிழித்துக்கொண்டிருந்தது. முன்பு தோளில் தூக்கிக் கொண்டாடிய ஆள்தான். வரிசையாகக் குறைந்த ஓட்டங்களில் ஆட்டமிழந்துகொண்டிருந்தார். அவரைப் பற்றிய கேலிப் படங்கள் எல்லோருடைய தொலைபேசியிலும் வந்து விழும். ஒன்றில் அவருக்கு மட்டைக்குப் பதில் விளக்குமாறு கொடுத்திருந்தார்கள். இன்னொன்றில் அவருடைய தாயைக்கூட விட்டுவைக்கவில்லை. சி.சி. ஐயா ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்துக் காட்டுவார். ஸ்டோர்ஸ் அண்ணன் ஒருவர்தான் சிரிக்கமாட்டார்.

"சிரிக்கிறது லேசி சேர். அவ்வளவு சனத்துக்கு முன்னால திரும்பத் திரும்பப் போய் நிக்கிறானே, அதப் பாருங்க," என்பார்.

"நின்டு என்னடா செய்யிற? வந்த கையோட திரும்பிப் போறான்."

"அடிப்பான் சேர். இவன் அடிப்பான்."

அவர் இப்படி அடித்துப் பேசியதை வேறு எந்த விடயத்திலும் நான் கேட்டதில்லை. தன்னுடைய வீட்டு ஆளைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

அதே நாட்களில்தான் அவருக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண் படுவான்கரையில், வாவிக்கு அப்பால், என் தாயின் ஊருக்குப் பக்கத்து ஊர். பாலர் பாடசாலை ஆசிரியை. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாளும் வைத்தாயிற்று. எனக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும் என்பதால் ஸ்டோர்ஸ் அண்ணன் ஒருநாள் மத்தியானம் என்னைக் களஞ்சியத்துக்குக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து அவளுடைய படத்தை எடுத்துக் காட்டினார். ஒரு முனைகூட மடங்காமல் இருக்க அட்டைக்குள் வைத்திருந்தார்.

"எப்பிடித் தங்கச்சி, நல்ல புள்ளயா?"

"தங்கமான புள்ள அண்ணன். உங்களுக்கு யோகம்தான்."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு விசயம் இரிக்கி. அத அவக்கு நானே சொல்லோணும். ஆளுக்கு ஆள் கதைச்சி அவக்குப் போகப்படாது. ஒரு நாளைக்கி முகத்துக்கு நேர இருந்து, நானே சொல்லுவன். பொறகு அவட விருப்பம்," என்றார். என்ன விடயம் என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அவருடைய முகத்தில் இருந்தது.

பந்தயம் அதற்கு அடுத்த வாரம், மழையில் நின்ற அந்த ஆட்டம் நடந்த நாளில், காலைத் தேநீர் நேரத்தில் தொடங்கியது. வழக்கம்போல சி.சி. ஐயா அந்த ஆட்டக்காரரைப் பற்றி ஏதோ சொல்ல, ஸ்டோர்ஸ் அண்ணன் வழக்கம்போல, "இண்டைக்கி அம்பது அடிப்பான் சேர்," என்றார்.

"பந்தயமா?"

"ஓம், பந்தயம். ஒரு சட்டித் தயிர்."

"தயிர் திண்டு அலுத்துப் போச்சிடா." சி.சி. ஐயா கதிரையில் சாய்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சந்தையில் கோழியைத் தூக்கிப் பார்ப்பவர் பார்ப்பது போல, அவசரமில்லாத ஒரு பார்வை. "அவன் அம்பது அடிச்சா நான் மொட்டை. அடிக்காட்டி நீ மீசைய எடுக்கோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சி.சி. ஐயாவின் தலையில் மொட்டையடிக்க அதிகம் ஒன்றும் இருக்கவில்லை. ஸ்டோர்ஸ் அண்ணனும் சிரிக்க முயன்றார்.

"மீச வேணா சேர். வேற என்னெண்டாலும் சொல்லுங்க."

"ஏன்டா? உன்ட ஆள்ல உனக்கே நம்பிக்க இல்லையா?"

"அதில்ல சேர்…"

"அப்ப இவ்வளவு நாளும் வாயால சொன்னதெல்லாம் பொய்யா? பாருங்க, இவனே அவன நம்பல்ல!"

வெளியே உரத்துக்கு வந்திருந்த கமக்காரர் இரண்டு பேர்கூட யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்டோர்ஸ் அண்ணன் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். "சரி சேர்," என்றார். இன்று யோசித்தால், அந்த நேரத்தில் அவர் தன் மீசையைப் பற்றி யோசித்திருக்கமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. ஊரே சிரிக்கும் ஓர் ஆளை, தானும் கைவிட்டால் பிறகு அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்திருப்பார்.

அந்த ஆட்டக்காரர் அன்று அழகாக ஆடினார். முதல் சில பந்துகள் தடுமாறினார். பிறகு பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார். ஒவ்வொரு நான்கு ஓட்டத்துக்கும் ஸ்டோர்ஸ் அண்ணன் களஞ்சியத்திலிருந்து ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ஓட்டம் நாற்பதைத் தாண்டியதும் அவர் களஞ்சியத்துக்குத் திரும்பிப் போகவில்லை. நானா கூட, "சேர், தலைய நனைச்சி வைங்க," என்று பகிடி பண்ணினார். அப்போதுதான் மழை வந்தது. அதன் பிறகு ஆட்டம் தொடங்கவேயில்லை. பின்னேரம், போட்டி கைவிடப்பட்டது என்று அறிவித்தார்கள்.

"ஆட்டமே இல்லையெண்டா பந்தயமும் இல்லத்தானே சேர்," என்றார் நானா. "அவன் அவுட் ஆகல்லயே. மழைக்கு ஆர் என்ன செய்யிற?"

சி.சி. ஐயா தொலைபேசியை எடுத்து ஓட்ட எண்ணிக்கையை எல்லோருக்கும் காட்டினார். "அம்பது இரிக்கா? இல்ல. நான் மழையோட பந்தயம் பிடிக்கல்ல நானா."

"இது ஞாயமில்ல சேர்."

"அவன்ட்டக் கேளுங்க. அவன் சொல்லட்டும்."

எல்லோரும் ஸ்டோர்ஸ் அண்ணனைப் பார்த்தோம். ஒரு சொல் போதும். நானா அவருக்காகச் சண்டை பிடிக்கத் தயாராக நின்றார். "அம்பது அடிக்கல்லத்தான்," என்றார் ஸ்டோர்ஸ் அண்ணன்.

சலூன் எங்கள் கந்தோருக்கு நேர் எதிரே. வாசலில் நின்றால் அதன் பெரிய கண்ணாடி முழுவதும் தெரியும். சி.சி. ஐயா அவருடைய தோளில் கைபோட்டு வீதியைக் கடத்திக் கூட்டிப்போனார். பின்னால் கந்தோர் ஆண்கள் எல்லோரும் போனார்கள். தட்டெழுத்துப் பிள்ளையும் நானும் வாசலில் நின்றோம். சலூன்காரர் விடயத்தைக் கேட்டதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். பல வருடமாக அந்த மீசையைக் கத்தரித்து வந்தவர். அதன் கீழே என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியும்.

"அண்ணன், இது வேணா," என்று அவர் சொன்னது வீதியின் இந்தப் பக்கம் வரை கேட்டது.

"வேலையப் பாருங்க தம்பி," என்றார் சி.சி. ஐயா சிரித்தபடி.

சலூன்காரர் ஸ்டோர்ஸ் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்தார். சவர்க்கார நுரை பூசியபோது சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கத்தி ஒரு பக்கத்திலிருந்து போகத் தொடங்கியது. நடு உதட்டுக்கு வந்ததும் கைதட்டல் நின்றுவிட்டது. கண்ணாடியில் எனக்கும் தெரிந்தது. மேலுதட்டின் நடுவிலிருந்து மூக்குத் துவாரம் வரை ஒரு தடித்த தழும்பு, உதட்டை ஒரு பக்கமாக மேலே இழுத்துத் தைத்தது போல. பிறவியிலேயே பிளந்திருந்த உதட்டை, சின்ன வயதில் கொழும்புக்குக் கொண்டுபோய்த் தைத்திருக்கிறார்கள். அந்த மூக்குக் குரல் எதனால் என்பதும், அந்தப் பெண்ணுக்குத் தானே சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்த விடயம் எது என்பதும் எனக்கு அங்கே, வீதிக்கு இந்தப் பக்கம் நின்றபடி விளங்கின.

அப்போது சி.சி. ஐயாவின் குரல் வந்தது. "இந்தா வந்திட்டான்! என்ட பழைய முசல் வந்திட்டான்டா!"

மேலுதடு பிளந்த முயலை எங்கள் பக்கத்தில் முசல் என்போம். அந்தக் குரலில் பகைமை துளியும் இல்லை. தொலைந்துபோன ஏதோ ஒன்று கிடைத்தது போன்ற சந்தோசம் இருந்தது. அவர் ஸ்டோர்ஸ் அண்ணனின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். சுற்றி நின்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சேர் சிரிக்கிறார், அதனால் சிரித்தார்கள். ஸ்டோர்ஸ் அண்ணன் லேஞ்சியால் வாயை மூடிக்கொண்டு வீதியைக் கடந்து வந்து, எங்களைத் தாண்டி, களஞ்சியத்துக்குள் போனார்.

அந்த வாரம் முடிவதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் சி.சி. ஐயா மட்டும் கூப்பிட்டார். பிறகு காரியாலயப் பையன்கள் அவருக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முன்னாலேயே சொன்னார்கள். உரத்துக்கு வந்த ஒரு கமக்காரர், அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்து, மரியாதையாக, "முசல் ஐயா இரிக்காரா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் சி.சி. ஐயாவின் அறைக்குப் போனேன். "சேர், அவருக்கு அப்பிடி இரிக்கெண்டு உங்களுக்கு முதலே தெரியுமா?"

"பின்ன? பேர் வச்சதே நான்தானே புள்ள." அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இஞ்ச வந்த நாளிலிருந்து அந்த மீசைக்கிக் கீழ இன்னும் அப்பிடியே இரிக்கா எண்டு பாக்கோணும் எண்டு எனக்கு ஒரு ஆச. சும்மா கேட்டாக் காட்டுவானா? அதான் இப்பிடி."

"ஞாயிற்றுக்கிழம அவர மாப்பிள்ள கேட்டு வாறாங்க சேர்."

"நல்லம்தானே! இனி அவங்க ஆளச் சரியாப் பாத்தெடுக்கலாம்." மேசை இலாச்சியைத் திறந்து ஒரு கட்லட்டை எடுத்து நீட்டினார். "இந்தா, சாப்பிடு. சூடு ஆறல்ல."

நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி நான் ஸ்டோர்ஸ் அண்ணனிடம் மன்றாடினேன். இரண்டு மாதம் போனால் மீசை வளர்ந்துவிடும். அவர் மறுத்தார். "இப்பத் தள்ளினா ஒளிச்ச மாதிரிப் போயிரும் தங்கச்சி. படத்தில மீசையோட இருந்தவன், மீசையில்லாமப் போனாப் பொறகு நாளத் தள்ளினவன் எண்டு கதை வரும். வரட்டும். அவவும் வந்தா நான் நேரச் சொல்லுவன்."

அவள் வரவில்லை. வாவியைக் கடந்து வந்த வான் வண்டியில் அவளுடைய தாய்மாமனும், தகப்பனும், பெரியம்மாவும், வழிகாட்டவென்று நானும்தான் இருந்தோம். தமக்கை வீட்டு முன்னறையைக் கழுவி, கதிரைகளுக்குப் புது உறை போட்டிருந்தார். ஸ்டோர்ஸ் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்று கும்பிட்டார். தாய்மாமன் திரும்பிக் கும்பிட எடுத்த கை பாதியில் நின்றது. உள்ளே வந்து உட்கார்ந்தும் அவருடைய கண் அந்த உதட்டை விட்டு நகரவில்லை.

"படத்தில மீசை இருந்த."

"ஓம். போன கிழம எடுத்த."

"இது விபத்தா?"

"இல்ல. பிறப்பில வந்த."

பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தமக்கையிடம், அவருக்குக் கேட்கும் தூரத்திலேயே, "புள்ளைகளுக்கும் வருமாமா?" என்று கேட்டார். தமக்கை கையிலிருந்த தேநீர்த் தட்டை மேசையில் வைத்தார். பதில் சொன்னது ஸ்டோர்ஸ் அண்ணன்தான். "வரலாம், வராமலும் போகலாம் எண்டு டொக்டர் சொன்ன. வந்தாலும் இப்ப லேசாச் சுகமாக்கலாமாம். இத நான் உங்கட மகளுக்கு நேரச் சொல்லோணும் எண்டு இருந்த." தகப்பன் நிலத்தைப் பார்த்தபடி தலையாட்டினார். தாய்மாமன், "சொல்லி அனுப்புறம்," என்று எழுந்தார். யாரும் தேநீரைத் தொடவில்லை. வான் திரும்பும்போது நான் பின்னால் பார்த்தேன். அவர் இன்னும் கும்பிட்ட கையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் அடுத்த ஆட்டம். அதே துடுப்பாட்டக்காரர் சதம் அடித்தார். பக்கத்து வளவில் வெடி கொளுத்தினார்களாம். தமக்கை பிறகு எனக்குச் சொன்னார். ஸ்டோர்ஸ் அண்ணன் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்திருந்தாராம். சதம் வந்ததும் எழுந்து அதை நிறுத்திவிட்டு, கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாராம். மறுநாள் கந்தோருக்குள் நுழையும்போதே சி.சி. ஐயா, "டேய் முசல், உன்ட ஆள் ஒரு கிழம பிந்திட்டான்டா!" என்றார். ஸ்டோர்ஸ் அண்ணன் அதற்குப் பிறகு கிரிக்கெட்டைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. படுவான்கரையிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. மீசையையும் அவர் திரும்ப வளர்க்கவில்லை. ஏன் என்று நானா கேட்டதற்கு, "இனி ஆருக்கு மறைக்கிற?" என்றார்.

இரண்டு வருடம் போல கழிந்து சி.சி. ஐயாவுக்குப் பதவி உயர்வு கிடைத்து மட்டக்களப்பு நகரத்துக்கு இடமாற்றம் வந்தது. பிரியாவிடையைப் பக்கத்துப் பொதுமண்டபத்தில் வைத்தோம். ஏறாவூரிலிருந்து பிரியாணி வந்தது. சி.சி. ஐயா மாலை போட்டு மேடையில் இருந்தார். அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் முன் வரிசையில் இருந்தார்கள். எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். புகழ்ந்ததெல்லாம் மெய்தான். கடைசியில் அறிவிப்பாளர், சேரை மிக நீண்ட காலம் தெரிந்தவர் என்று சொல்லி ஸ்டோர்ஸ் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் போகமாட்டார் என்று நினைத்தேன். போனார். அன்று அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்று தொடங்கினார். ஒலிவாங்கி அவருடைய மூக்குக் குரலைப் பெரிதாக்கியது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "எனக்கு அம்மா அப்பா வச்ச பேர் ஒண்டு இரிக்கி. அது இஞ்ச கனபேருக்குத் தெரியா. சேர் வச்ச பேர்தான் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில முதல் நாள், என்ட வாயப் பாத்துட்டு, சேர் அந்தப் பேர வச்ச."

மண்டபம் சிரித்தது. அவர் அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"பொறகு என்ட வாங்கில கரட் கொண்டுவந்து வைப்பாங்க. திண்டு காட்டச் சொல்லுவாங்க. திண்டு காட்டினாத்தான் விடுவாங்க."

இன்னும் பெரிய சிரிப்பு. சி.சி. ஐயா கதிரையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணைத் துடைத்தார்.

"அதாலதான் நான் பள்ளிக்கூடத்த விட்ட. மீச வளர்ற வரைக்கும் வெளியில போக வெக்கம். மீச வளந்தாப் பொறகு நானும் ஒரு மனிசனாத் திரிஞ்ச. பொறகு சேர் இஞ்ச மாறி வந்த. மீசைக்கிப் பந்தயம் பிடிச்ச. மழை வந்து நான் தோத்த." கைதட்டல் எழுந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. "அந்தக் கிழம எனக்கு ஒரு கலியாணம் வந்த. என்ட வாயப் பாத்துட்டு அவங்க போயிட்டாங்க. சேருக்கு இது தெரியுமோ தெரியா. அதான் இண்டைக்கி எல்லாருக்கும் முன்னால சொல்லுறன். நன்றி."

சிரிப்பு நிற்கவேயில்லை. அவர் சொன்ன விதம், அந்தக் குரல், ஒவ்வொரு வசனத்துக்கும் இடையே விட்ட இடைவெளி, எல்லாம் நல்ல பகிடிக்காரர் ஒருவரின் பேச்சாகவே மண்டபத்துக்குப் பட்டது. சி.சி. ஐயா மாலையோடு எழுந்துவந்து அவரைக் கட்டிப்பிடித்து, ஒலிவாங்கியைப் பறித்து, "இவன்தான்டா என்ட உயிர் நண்பன்! என்ட முசல்!" என்று கத்தினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். அந்தப் படம் இன்றும் சி.சி. ஐயாவின் முகநூலில் இருக்கிறது. வருடத்துக்கொருமுறை அதை மீண்டும் பகிர்ந்து, நட்பைப் பற்றி உருக்கமாக நாலு வரி எழுதுவார். நூற்றுக்கணக்கில் விருப்பம் விழும். படத்தில் அவர் வாய் திறந்து சிரிக்கிறார். ஸ்டோர்ஸ் அண்ணனின் முகம் அவருடைய தோளுக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கிறது.

அன்று நானா எங்கள் இருவரையும் கந்தோர் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வீதியோரத்தில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நின்றார்கள். வந்தாறுமூலையை நெருங்கும்போது ஸ்டோர்ஸ் அண்ணன் கேட்டார், "நான் விளங்கக்கூடிய மாதிரித்தானே சொன்ன தங்கச்சி?"

"நல்லா விளங்கக்கூடிய மாதிரித்தான் அண்ணன் சொன்ன நீங்க."

"ஒரு சொல்லும் பகிடியாச் சொல்லல்ல. ரெண்டு வருசமா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்து வச்சிருந்த."

நானா கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "அந்தாளுக்கு உறைக்காது தம்பி. தோல் அப்பிடி."

ஸ்டோர்ஸ் அண்ணன் தலையை ஆட்டினார். அவருடைய வீட்டுக்குப் போகும் ஒழுங்கை வந்துவிட்டது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர், இறங்காமல் அப்படியே இருந்தார்.

"சேர்ட மனிசி மட்டும் சிரிக்கல்ல தங்கச்சி. நீங்க கண்டீங்களா? முதல்ல சிரிச்சிக்கிட்டு இருந்தா. கலியாணக் கதையச் சொன்ன உடன திரும்பி அவரப் பாத்தா. அந்தப் புள்ளைகள் ரெண்டும் கைதட்டுதுகள்; அவ அவரையே பாத்துக்கொண்டு இரிக்கா. இனி வீட்ட போயும் அவரத்தானே பாத்துக்கொண்டு இரிக்கோணும்."

பிறகு இறங்கிக் கதவைச் சாத்தினார். யன்னலால் குனிந்து என்னைப் பார்த்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது.

"நான் சொன்னது அவக்குத்தான் பட்ட. அவ எனக்கு ஒண்டும் செய்யல்லயே," என்றார்.